ஐந்தாவது ஏன்

தலைமை அலுவலகம், பயிற்சிப் பிரிவு
10 செப்டம்பர் 2017

அன்புள்ள இன்ஸாஃப் அக்காவுக்கு, ஸலாம்.

இங்கே உங்கள் கொழுந்தனும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையில் சுகம். அங்கே நீங்களும் பெரிய மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்? மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? தபால் பையில் நீங்கள் போட்டு அனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. வழியில் டிரைவர் தவ்ஃபீக் ஒரு கைப்பிடி தின்றிருக்கிறான். அவனே சொன்னான்.

ஒரு செய்தி. வேறு யார் வாயிலிருந்தாவது உங்கள் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி வைத்திருக்கிறார்கள். அலுவலக வேலையில் வீணாகும் நேரத்தையும் நடையையும் எப்படிக் குறைப்பது என்பதுதான் பாடமாம். மொத்தம் இருபது பேர். என் பெயரும் வந்திருக்கிறது. நான் போய்க் கேட்கவில்லை அக்கா, டைரக்டர்தான் போட்டார்.

முடித்தவர்கள் கிளைகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அப்படி அனுப்பினால் முதலில் உங்கள் கிளைக்குத்தான் வருவேன். மாமியின் கையை நான் முத்தமிட்டதாகச் சொல்லுங்கள். போனில் பேச உங்களுக்குப் பிடிக்காது, அதனால் பதிலைப் பையிலேயே போடுங்கள்.

உங்கள் தங்கை,
ரவ்யா


பாலைச்சோலைக் கிளை, மாணவர் பிரிவு
17 செப்டம்பர் 2017

அன்புள்ள ரவ்யா, ஸலாம்.

நாங்கள் இருக்கிறோம். மாமியின் முழங்கால் எப்போதும்போலத்தான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் வலி எங்கே போனதோ, எழுந்து வாசலுக்கே போய்விட்டார். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "என் சின்ன மருமவள தலைமை ஆபீஸ்ல பொறுக்கி எடுத்திருக்காங்க, தெரியுமா?" என்கிறார். இருபத்தாறு வருஷமாக இந்தக் கிளையின் அரசாங்கக் கழுகு முத்திரை என் இழுப்பறையில் இருக்கிறது. சான்றிதழில் அந்தக் கழுகு விழாமல் இங்கே ஒரு பையன் கட்டாயப் பட்டாளச் சேவையைப் படிப்பு முடியும்வரை தள்ளிப்போட முடியாது, ஒரு பெண் விடுதியில் கட்டில் வாங்க முடியாது. அதற்காக மாமி இதுவரை எந்த வீட்டுக்காரியையும் கூப்பிட்டதில்லை.

வாழ்த்துகள். மனசாரத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. நேரம் வீணாவதைப் பற்றிப் பாடம் என்றால், தினமும் ஜன்னலுக்கு வெளியே நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கும் என்னைப் போன்ற ஒருத்தியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நீ இருப்பது பயிற்சிப் பிரிவு. கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி என்று எண்ணுவதும் பிஸ்கட் வாங்குவதும்தான் அங்கே வேலை. ஏன் உன்னைக் கூப்பிட்டார்கள்?

பிள்ளைகளுக்கு என் அன்பு. குளிர் வருமுன் அவர்களுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வை.

இன்ஸாஃப்


தலைமை அலுவலகம்
8 அக்டோபர் 2017

அன்புள்ள அக்கா, ஸலாம்.

எல்லோரும் சுகம். சின்னவனுக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை. நீங்கள் வேலை முடிந்ததும் காலை உயர்த்தி வைத்து உட்காருகிறீர்களா? டாக்டர் சொன்னதை மறக்காதீர்கள்.

பயிற்சி முடிந்தது. இப்படி ஒன்றை நான் படித்ததேயில்லை. ஆசிரியர் வந்ததும் எங்களை உட்காரவிடாமல் வெளியே கூட்டிப்போனார். ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்று கூடவே நடந்து பார்க்கச் சொன்னார். ஒரு நாள் முழுக்க நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, யார் எத்தனை முறை சும்மா வந்து போகிறார்கள் என்று கோடு போட்டோம். எங்கள் பிரிவு மேலாளர் உஸ்தாத் ஹில்மி பதினேழு முறை வந்தார், இரண்டு முறைதான் நகல் எடுத்தார். மற்றதெல்லாம் பேச்சு.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். எதில் தப்பு நடந்தாலும் "ஏன்?" என்று ஐந்து முறை கேட்க வேண்டுமாம். முதல் பதிலோடு நின்றால் யாராவது ஓர் ஆளின் மேல் பழி விழும். ஐந்தாவதில்தான் வேர் தட்டுப்படும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன் அக்கா, பயிற்சிக்கு வராமலே முதல் ஏனைக் கேட்டுவிட்டீர்களே. பதில் சொல்கிறேன். ஓர் இடம் காலியாக இருந்தது, அதனால் என்னைப் போட்டார்கள். அவ்வளவுதான்.

பயிற்சியில் தேறியதற்கு எனக்கு 'மஞ்சள் பட்டை' என்று ஒரு தகுதி கொடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகச் செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது, பையில் வைக்கிறேன்.

அன்புடன்,
ரவ்யா


பாலைச்சோலைக் கிளை
22 அக்டோபர் 2017

ரவ்யா, ஸலாம்.

நாங்கள் சுகம். சின்னவனுக்குச் சீரகத் தண்ணீர் கொடு.

படம் கிடைத்தது. மாமி அதைக் கத்தரித்து, மாமனார் படத்துக்குப் பக்கத்தில் சொருகியிருக்கிறார். நான் தினமும் ரொட்டி எடுக்கப் போகும்போது நீ என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். உன் பெரிய மச்சானிடம், "மஞ்ச பட்டைன்னா கராத்தேக்காரிக்குத்தான குடுப்பாங்க, இவ யார அடிச்சா?" என்று கேட்டேன். "நீ ஏன்டி வயிறு எரியுற, அவ நம்ம வீட்டுப் பொண்ணுதான" என்றார். எனக்கு என்ன வயிற்றெரிச்சல்? உண்மையைச் சொன்னால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, போதுமா?

உன் தலைக்கு மேலே கட்டியிருந்த துணியில் 'ரஷீக்கா நிர்வாகம்' என்று எழுதியிருக்கிறது. ஒல்லியாக, ஒயிலாக நடக்கும் பெண்ணைத்தானே ரஷீக்கா என்போம். நிர்வாகத்துக்கும் இடுப்பு உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது. இந்தச் சொல்லை இந்த வருஷம் எங்கேயோ பார்த்த ஞாபகம். தையற்காரி கடையிலாக இருக்கும்.

ஐந்து முறை கேட்கலாம் என்று நீயே சொல்லிவிட்டாய். இரண்டாவது கேட்கிறேன். இருபது இடத்துக்கு எத்தனையோ பேர் அலைவார்கள். ஏன் ஓர் இடம் காலியாக இருந்தது?

இன்ஸாஃப்


தலைமை அலுவலகம்
12 நவம்பர் 2017

அன்புள்ள அக்கா, ஸலாம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே பட்டமளிப்பு விழா வேலை. உங்களுக்கும் மாமிக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? உங்கள் கொழுந்தன் உங்கள் கையால் செய்த வாத்துக்கறியை நினைத்து ஏங்குகிறார்.

ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். உங்கள் கிளையிலிருந்து பெயர் வரவில்லை. அந்த இடத்தைத்தான் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பினார்கள்.

டிசம்பர் பத்தாம் தேதி அங்கே வருகிறேன், ஒரு வாரம். ஒரு மாணவன் 'நான் இங்கே படிக்கிறேன்' என்று சான்றிதழ் கேட்டால், அந்தக் காகிதம் எந்தெந்தக் கையைத் தாண்டுகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பிரிவுதான். நீங்கள் எதுவும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்போம்.

உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்?

ரவ்யா


பாலைச்சோலைக் கிளை
19 நவம்பர் 2017

ரவ்யா, ஸலாம்.

எனக்கு ஒன்றும் வேண்டாம். மாமிக்கு முழங்காலுக்குத் தடவும் களிம்பு வாங்கி வா.

எங்கள் கிளையிலிருந்து பெயர் வரவில்லை என்கிறாய். தலைமை அலுவலகத்திலிருந்து வரும் ஒரு காகிதம் என் மேசையைத் தாண்டாமல் டீன் அறைக்குப் போகாது. அப்படி ஒரு சுற்றறிக்கை வந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா? பார்த்திருந்தால் என் பெயரை எழுதியிருக்க மாட்டேனா? யாரோ நடுவில் விழுங்கிவிட்டார்கள். யார் என்று நான் சொல்லவில்லை, சுற்றறிக்கைகளை அனுப்புவது உங்கள் பிரிவு.

மூன்றாவது இது. ஏன் எங்கள் கிளைப் பெயர் வரவில்லை?

நீ வரும் வாரம் மாமி உனக்கு மாடி அறையை ஒழிக்கச் சொல்லியிருக்கிறார். ஒழித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்ஸாஃப்


பாலைச்சோலைக் கிளை
24 டிசம்பர் 2017

ரவ்யா,

நீ ஊருக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று மாமி சொன்னார். நல்லது.

என் அலுவலகச் சுவரில் நீ ஒட்டிவிட்டுப் போன வண்ணத் தாள்களை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஒரு சான்றிதழுக்குப் பன்னிரண்டு மேசை, நான்கு நாள், அதில் மொத்த வேலை ஒன்பது நிமிஷம். அந்த நான்கு நாளில் மூன்று நாள் இன்ஸாஃபின் இழுப்பறை. சிவப்புத் தாளில், பெரிய எழுத்தில். ஆளைப் பார்ப்பதில்லை என்று எழுதியவள் நீதானே.

வாரம் தொடங்கும் ஞாயிறும் நடுவே புதனும் மட்டும்தான் முத்திரை போடுவேன் என்றேன். நீ கையில் கடிகாரத்தோடு, எல்லோர் முன்னாலும், "ஏன் அக்கா?" என்று கேட்டாய். "எப்பவும் அப்படித்தான்" என்றேன். கடைநிலைப் பையன்கூடச் சிரித்தான். ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டில் தேடிப் பார்த்துத்தான் போடுகிறேன், இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொய்ச் சான்றிதழ்கூட என் கழுகின் கீழ் போனதில்லை என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. டீன் உனக்குக் கைதட்டினார். வீட்டுக்கு வந்தால் மாமி உன் தட்டில் வாத்தின் தொடையை வைக்கிறார். அதைச் சமைத்தவள் நான்.

இப்போது டீன் சொல்கிறார், ஏப்ரலில் ஒற்றை ஜன்னல் திறக்கப்போகிறதாம். மாணவன் வந்து நிற்பான், அங்கேயே எழுதி, அங்கேயே முத்திரை போட்டு, கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஜன்னலில் உட்காருபவளிடம்தான் இனி முத்திரை. பயிற்சி முடித்தவள்தான் உட்காரலாமாம். நீ மனுப் போட்டிருக்கிறாய் என்று டீன் வாயால் கேட்டேன். ஒரு வாரம் என் வீட்டில் தின்றாய், என்னிடம் அதைச் சொல்லவில்லை.

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

இன்ஸாஃப்


தலைமை அலுவலகம்
21 ஜனவரி 2018

அக்காவுக்கு, ஸலாம்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

இம்மாதம் ஏழாம் தேதி பல்கலைக்கழகத் தலைவர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'நேர்மையான ஓர் ஊழியர்' என்று தட்டச்சில் போட்டிருந்தது. கிளைக்கு உரிய இடத்தை ரவ்யா திருடிக்கொண்டாள், டைரக்டர் மனைவிக்கு அவர்கள் வீட்டுத் திருமணத் துணிகளில் மணி கோத்துக் கொடுத்துத்தான் அந்த இடத்தைப் பிடித்தாள் என்று எழுதியிருந்தது. நம் ஆபீஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, புகார் யார் மேலோ அந்தப் பிரிவுக்கே பதில் கேட்டு அனுப்புவார்கள். என் மேசைக்கே வந்தது.

உஸ்தாத் ஹில்மி கேட்டார், "யாரு எழுதினதுன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியல சார்."

"மணி கோத்தது நெஜமா?"

"நெஜம்தான். பக்கத்து வீடு. பயிற்சிப் பேச்சு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முந்தி."

"அது ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

யாருக்கும் தெரியாதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈகைப் பெருநாளுக்கு உங்கள் அடுக்களையில் உட்கார்ந்து உங்கள் ஒருவரிடம்தான் சொன்னேன்.

விசாரணை முடியும்வரை பயிற்சியாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஜன்னலுக்கான மனுவும் நிற்கிறது. அந்த இடம் எப்படிக் காலியானது என்று பிப்ரவரி கடைசிக்குள் நான் எழுத்தில் விளக்க வேண்டும். விளக்கம் என்னிடம் இருக்கிறது. உங்கள் மூன்றாவது ஏனுக்குப் பதிலும் அதேதான். நகலை இதோடு வைத்திருக்கிறேன். அசல் என் இழுப்பறையில் இருக்கிறது, இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

ரவ்யா


பாலைச்சோலைக் கிளை
4 பிப்ரவரி 2018

ரவ்யா,

நகலைப் பார்த்தேன். ஜூன் மாதச் சுற்றறிக்கை. 'ரஷீக்கா நிர்வாகப் பயிற்சிக்குக் கிளையிலிருந்து ஒரு பெயர் தருக.' ஓரத்தில் என் கையெழுத்து. 'கோப்பில் வைக்கவும். இங்கே யாருக்கும் உடம்பு இளைக்க வேண்டிய அவசியமில்லை.' கீழே என் முத்திரை.

நான்காவதை நானே கேட்டு நானே சொல்லிவிடுகிறேன், உனக்குச் சிரமம் வேண்டாம். ஏன் அப்படி எழுதினேன்? அந்த வாரம்தான் இங்கே புது நாற்காலிகள் வந்தன. கை வைத்த நாற்காலி. எனக்கு அதற்குள் உட்கார முடியவில்லை. சாமான் அறைக்காரன் எல்லோர் காதிலும் விழும்படி, "நாற்காலி சின்னதில்லக்கா, நீங்கதான் ஜாஸ்தி" என்றான். மறுநாள் இந்தக் காகிதம். தலைமை அலுவலகத்தில் பெண்களை ஒல்லியாக்க ஏதோ தேகப்பயிற்சி ஏற்பாடு செய்திருக்கிறார்கள், யாரோ என்னைக் குறிவைத்துத்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம். முழுசாகப் படிக்கவில்லை. டீனிடமும் காட்டவில்லை.

மொட்டைக் கடிதமும் நான்தான். உனக்கே தெரியும், ஆனாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்துவிட்டு வந்த அன்றே தட்டச்சு செய்தேன். நீ என் இடத்தைத் திருடினாய் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

இப்போது ஐந்தாவது. காகிதம் கோப்புக்குப் போகாமல் தபால் பையோடு ஜூன் பதினான்காம் தேதி உன் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் தேதியும் உன் சுருக்கொப்பமும் இருக்கின்றன. பெயர் தரக் கடைசி நாள் ஜூன் முப்பது. உன் மேசையில் போன் இருக்கிறது. 'அக்கா, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, இளைக்கவேண்டியது உடம்பில்ல, ஆபீஸ் வேலை' என்று ஒரு வார்த்தை போதும். பதினாறு நாள் இருந்தது. செப்டம்பரில் எழுதிய கடிதத்திலும் பயிற்சியின் பெயரை நீ எழுதவில்லை. இப்போதுதான் கவனித்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இன்ஸாஃப்


தலைமை அலுவலகம்
11 பிப்ரவரி 2018

அக்கா, ஸலாம்.

உங்கள் மனம் நோகாமல் இருக்கத்தான் மறைத்தேன் என்று மூன்று முறை எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். அது பொய்.

காகிதம் வந்த அன்று இங்கே இரண்டு பேர் அதைப் படித்துச் சிரித்தார்கள். நான் பிடுங்கி இழுப்பறையில் வைத்தேன். அதுவரை உங்களுக்காகத்தான். போனையும் எடுத்தேன். எடுத்த பிறகு வைத்துவிட்டேன்.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. உங்களுக்குக் கிடைக்கக்கூடாது என்றும் இருந்தது. பதினொரு வருஷமாக இந்தக் குடும்பத்தில் நான் சின்ன மருமகள். பெருநாளுக்கு அங்கே வந்தால், சந்தையில் ஆட்கள் உங்களுக்கு எழுந்து நிற்பார்கள். 'முத்திரைக்கார அம்மா' என்பார்கள். என்னை 'அவங்க ஓரகத்தி' என்பார்கள். மாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பெரியவகிட்ட கேளு, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பார். உங்கள் முகத்துக்கு நேரே அவர் அப்படிப் புகழவே மாட்டார் என்று உங்கள் கடிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் என்னைப் பார்த்து எரிந்தது ஐந்து மாதம். நான் எரிந்தது பதினொரு வருஷம்.

இதுதான் ஐந்தாவது. இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

ஜன்னல் மனுவைத் திரும்பப் பெறச் சொல்வீர்களென்றால், மாட்டேன். அங்கே வந்து உட்கார எனக்கு ஆசை இருக்கிறது. உங்கள் கொழுந்தனுக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஆனால் அந்த அசலை விசாரணைக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கடைசித் தேதி இருபத்தெட்டு. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ரவ்யா


பாலைச்சோலைக் கிளை
4 மார்ச் 2018

அன்புள்ள ரவ்யா, ஸலாம்.

நானும் உன் மச்சானும் சுகம். மாமிக்கு நீ வாங்கித் தந்த களிம்பு ஒத்துக்கொண்டது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

இருபதாம் தேதி டீனிடம் போனேன். அந்த நகலை மேசைமேல் வைத்தேன். மொட்டைக் கடிதம் எழுதியதும் நான்தான் என்றேன். அவர் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தார். பிறகு மொட்டைக் கடிதத்துக்கு வந்தார், அங்கே சிரிக்கவில்லை. "நீங்க செஞ்சதாம்மா இது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். எச்சரிக்கை வாங்கியவள் ஒரு வருஷத்துக்கு முத்திரை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அது எனக்குப் போகும்போதே தெரியும். நீ என்னிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது நம் வீட்டுச் சங்கதி.

உன் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஜன்னலும் உனக்குத்தான். வியாழக்கிழமை உத்தரவு வந்தது. மாமி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. உன் கையில் அந்த முத்திரையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. என் மேசையை உன் ஜன்னலுக்கு எதிரே போட்டிருக்கிறார்கள், பதிவேடு பார்த்துப் பெயரைச் சரி சொல்ல. தினமும் பார்த்துத்தான் ஆக வேண்டும். முதல் ஒரு வாரம் என்னிடம் சிரித்துப் பேச வராதே. பிறகு பார்க்கலாம்.

முத்திரையைச் சுத்தம் செய்து, மூன்று பேர் முன்னிலையில் பெட்டகத்தில் வைத்தாகிவிட்டது. ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது, என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதன் ஓரம் தேய்ந்துபோயிருக்கிறது. நேராக வைத்து அழுத்தினால் கழுகுக்குத் தலை விழாது. தலையில்லாத கழுகைப் பட்டாள அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள், பிள்ளைகள் திரும்பி வந்து உன் ஜன்னலில்தான் கத்துவார்கள். இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, கட்டைவிரலை மேலே வைத்து அழுத்து. இதை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா,
இன்ஸாஃப்